வீணான பாட்டு: தொண்ணூற்று நான்கு

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

போன் பண்ணினால் என் குரலைக் கேட்டதுமே வைத்துவிடுகிறாய். மூன்று மாதமாக இதே கதை. கடிதமென்றால் கிழிப்பதற்கு முன்னால் ஒரு வரியாவது கண்ணில் படும் என்று எழுதுகிறேன். பள்ளிக்கூடத்து விடுப்புக் கடிதத்தைத் தவிர நான் வேறு கடிதம் எழுதியதில்லை. அதையும் நீதான் எழுதிக் கொடுத்தாய். அதனால் தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்.

புது ஆஸ்பத்திரி லேப் எப்படி இருக்கிறது? அறை கிடைத்ததா? எனக்கு லிஃப்ட் வேலை வழக்கம்போல ஓடுகிறது. இந்த வாரம் ஒரு துணிக்கடை லிஃப்டில் கதவு சென்சார் மாற்றினோம். கையெல்லாம் கிரீஸ்.

அந்தப் பட்டியலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நகல்கடையின் பின்னறையில் முப்பத்திரண்டு ஞாயிற்றுக்கிழமை நாம் ஐந்து பேரும் ஆடிய ஒவ்வொரு சண்டையையும் நோட்டில் எழுதிவைத்தவன் நான். பகடை உருட்டிக் கதைக்குள் சண்டை போடுகிற ஆட்டத்தில், எந்தப் பாத்திர வகை எவ்வளவு அடிக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது ஒரு குற்றமா? ஆகஸ்ட் போட்டியில் குழுவுக்கு நான்கு பேர்தான் என்று விதி. ஐந்தில் ஒருவர் விலக வேண்டும். யார் என்று எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்ணே சொல்லட்டும் என்று நான் கணக்கைப் போட்டேன். ஒரு சுற்றுக்குச் சராசரி அடி: என் வாள்வீரன் பதினொன்று, கணக்கு சாரின் மந்திரவாதி ஒன்பது, தையல்காரம்மாவின் திருடன் எட்டு, மருந்துக்கடைக்காரரின் வைத்தியன் நாலரை, உன் பாடினி ஒன்று. நானாக எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பாடினியின் வேலை அடிப்பதல்ல, பாடி அடுத்தவர் பகடை வீச்சுக்குப் பலம் சேர்ப்பது என்று எனக்கும் தெரியும். உனக்கு அநியாயம் ஆகிவிடக் கூடாதே என்றுதான் பாட்டுக்கென்று தனியாக ஒரு கட்டம் போட்டேன். அதில் ‘வீணான பாட்டு: தொண்ணூற்று நான்கு’ என்று வந்தால் நான் என்ன செய்வேன்? ஏற்கெனவே ஜெயிக்கிற வீச்சுக்கெல்லாம் நீ ஏன் பாடினாய் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஆனால் நான் அதை வாசித்த விதம் சரியில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. போட்டி நடத்துகிறவர்கள் நம் பட்டியலைத் தங்கள் மலரில் அச்சடிக்கக் கேட்டிருக்கிறார்கள். முப்பத்திரண்டு வாரத்துக் கணக்கை இதுவரை யாரும் எழுதிவைத்ததில்லையாம். ஆட்டத்தை நடத்துகிற நகல்கடை அண்ணன், "பாடினி அவங்களோடது. அவங்க சரின்னு சொன்னாத்தான் அனுப்புவேன்" என்கிறார். ஜூலை பத்துக்குள் சொல்ல வேண்டும். ஒரு வரி எழுதினால் போதும்.

உன் தம்பி


ஜூன் 15

தம்பி வாள்வீரருக்கு,

கடிதம் கிடைத்தது. உனக்கு என் கையெழுத்து வேண்டும் என்பது கடைசிப் பத்தியில் இருந்தது. மேலே இருந்ததெல்லாம் அதற்காக விரித்த பாய். சின்ன வயதிலிருந்து இந்தப் பாயில் நான் எத்தனை தடவை உட்கார்ந்திருப்பேன்!

வாசித்த விதம் சரியில்லையாம். என்ன விதம் என்று நான் சொல்லட்டுமா? எல்லாரும் உட்கார்ந்திருந்தோம், நீ மட்டும் எழுந்து நின்று வாசித்தாய். ‘வீணான பாட்டு’ என்று சொல்லி நிறுத்தினாய். சிரிப்புக்கு இடம் விட்டாய். பிறகுதான் எண்ணைச் சொன்னாய். மருந்துக்கடைக்காரர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். கணக்கு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். தையல்காரம்மா சிரிக்கவில்லை. வாயில் குண்டூசி இருந்தது. நீயும் சிரித்தாய். நான் டீ கிளாஸ்களைக் கழுவப் போகிறேன் என்று எழுந்தேன். ஆறு கிளாஸையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விட்டேன். நான் திரும்பி வரவில்லை என்பது உங்களுக்கு எப்போது தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று நீங்கள் பேசிக்கொண்டிருப்பீர்கள். பேசுங்கள்.

லேப் நன்றாக இருக்கிறது. அறையும் கிடைத்தது, ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். இங்கே ஒரு பழக்கம் உண்டு. மெஷின் காட்டுகிற எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதித் தர மாட்டோம். காலையிலிருந்து வந்த எல்லாருக்கும் ரத்தம் பிரமாதமாக இருந்தால், ஊரே திடீரென்று தேறிவிட்டது என்று நினைக்க மாட்டோம். மெஷினைத் திறந்து பார்ப்போம்.

நீயும் ஒன்று செய். உன் வாள்வீரன் முப்பத்திரண்டு வாரத்தில் வீசிய இருபது முகப் பகடையின் எண்களை எல்லாம் கூட்டு. எத்தனை வீச்சோ அதனால் வகு. பகடை பகடையாக இருந்தால் பத்தரைக்குப் பக்கத்தில் நிற்கும். என்ன வருகிறது என்று எனக்கு எழுது. சம்மதத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அக்கா


ஜூன் 20

அக்கா,

கூட்டிப் பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு வீச்சு. சராசரி பதினாலு. போதுமா?

அதிர்ஷ்டம் என்று ஒன்று உலகத்தில் இருக்கவே கூடாதா? சிலர் கைக்கு விழும், சிலர் கைக்கு விழாது. உனக்கு விழவில்லை என்பதற்காக என்மேல் எரிந்து விழாதே. நீயே என்னைச் சந்தேகப்பட்டால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? சம்மதம் கொடுக்க மனமில்லை என்றால் நேராக இல்லை என்று சொல்லிவிட்டுப் போ. லேப் பாடமெல்லாம் எனக்கு எடுக்காதே.

ஜூன் 22

மேலே எழுதியதைக் கிழிக்காமல் இதே தாளில் எழுதுகிறேன். இரண்டு நாளாக இது சட்டைப் பையில் இருக்கிறது. தபால் பெட்டிவரை போனேன், போட முடியவில்லை.

பதினாலு வராது அக்கா. நானூறு வீச்சில் யாருக்கும் வராது. பொய் சொன்னேன்.

அந்தப் பின்னறையில் மேஜை என்பது பெயருக்குத்தான், காகிதப் பெட்டிகளை அடுக்கி அதன்மேல் ஒரு பலகை. பகடை உருண்டு பழைய நகல் மெஷினுக்கு அடியில் ஓடிவிடும் என்று ஆரம்பத்திலிருந்தே நான் கையால் பொத்திப் பிடிப்பேன். அதில் ஒரு கள்ளமும் இல்லை. ஆறாவது ஞாயிறு மூன்று விழுந்தது. விரலைத் தூக்கிப் பார்த்தேன். வாய் "பதினேழு" என்றது. எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். மருந்துக்கடைக்காரர் முதுகில் தட்டினார். நான் பகடையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.

அந்த வாரம்தான் வேலையில் அது நடந்தது. நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட லிஃப்ட், தளத்துக்கு ஒரு சாண் கீழே நின்றிருக்கிறது. ஒரு பெரியவர் கால் தடுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அளவைத் தப்பாக வைத்தது நான். யாரும் திட்டவில்லை. என்னைத் தனியாக அனுப்புவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். எனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவனுக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அது வீட்டில் யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி நேரமாவது தப்பே செய்யாதவனாக இருக்க ஆசைப்பட்டேன். ஒரு தடவை என்று நினைத்தேன். பிறகு வாய்க்குப் பழகிவிட்டது.

அதைவிடக் கேவலம், அந்தப் பொய்களையே நோட்டில் எழுதி, கூட்டி, வகுத்து, அந்தக் கணக்கை வைத்து உன்னை வெளியே அனுப்பியது. எழுதும்போதே முகம் சுடுகிறது. பட்டியலை நின்று வாசித்தபோது மனசுக்குள் ஒரு குரல், "உக்காருடா" என்றது. உட்காரவில்லை.

இதை முதன்முதலாக உன்னிடம்தான் சொல்கிறேன். வேறு யாருக்கும் தெரியாது.

தம்பி


ஜூன் 28

தம்பி,

எனக்குத் தெரியும்.

நான் உனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். நீ வலது கையால் பொத்துவாய், கட்டைவிரல் பக்கம் இடைவெளி இருக்கும். அந்த மூன்றை நானும் பார்த்தேன். நீ பதினேழு என்றதும் எனக்குத்தான் வியர்த்தது. எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உன்னைத் தனியாக வேலைக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள் என்றும் எனக்குத் தெரியும். மணிக்கட்டு முறிந்த அந்தப் பெரியவர் எங்கள் பழைய லேபுக்குத்தான் ரத்தம் கொடுக்க வந்தார். எந்தக் கட்டடம், எந்த கம்பெனி லிஃப்ட் என்று அவரே சொன்னார். மறுநாளிலிருந்து உன் சட்டையில் கிரீஸ் கறை இல்லை, தோளில் பை வார் பதிந்த தடம் இருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது என்கிறாயே, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவனே!

இப்போது உனக்குப் புரியாத அந்தத் தொண்ணூற்று நான்கைச் சொல்கிறேன்.

பன்னிரண்டோ அதற்கு மேலோ வந்தால் அடி விழும். பாடினி பாடினால் ஒரு எட்டு முகப் பகடையை உருட்டி உன் எண்ணோடு சேர்க்கலாம். ஒரு சண்டைக்கு மூன்று பாட்டு. நீ ஏழு போட்டுவிட்டுப் பதினைந்து என்பாய். நான் உடனே "பாடுறேன்" என்பேன். "அதான் பதினஞ்சு இருக்கே, எதுக்குப் பாட்டு?" என்று மருந்துக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். "எனக்குப் பாடணும்போல இருக்கு" என்று நான் உருட்டுவேன். ஆறு விழும். உங்கள் எல்லாருக்கும் அது இருபத்தொன்று. எனக்கு மட்டும் பதின்மூன்று. ஏழும் ஆறும். பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. அப்போது நீ சொன்ன பொய் பொய்யில்லை, அந்த அடி நிஜமாகவே விழுந்த அடி.

அதற்காகத்தான் பாடினேன். உனக்கு மூன்றோ அதற்குக் கீழேயோ விழுந்தால் பாட மாட்டேன், எட்டே விழுந்தாலும் பன்னிரண்டு எட்டாது. மூன்று பாட்டும் தீர்ந்த பிறகு நீ பொய் சொன்னால் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நானும் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தேன். தொண்ணூற்று நான்கு பாட்டில் அறுபத்தொன்று உன்னைக் காப்பாற்றியது. முப்பத்து மூன்று எட்டவில்லை. பாடாதவை வேறு இருக்கின்றன, அவற்றை நான் எண்ணவில்லை.

இப்போது என் வெட்கத்தையும் கேள். நீ ஏழாம் வகுப்பில் கணக்கில் தோற்றபோது ரிப்போர்ட் கார்டில் அப்பா கையெழுத்தை நான் போட்டேன். நீ அழுதாய் என்று போட்டேன். அப்போது ஆரம்பித்த பாட்டு இது. உனக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்தேன். நான் மூடி மூடி வைத்ததால்தான் உனக்குப் பொத்துகிற கை வந்ததோ என்னவோ.

அதுகூடப் பரவாயில்லை. நீ பட்டியலை வாசித்தபோது ஒரே ஒரு வாக்கியம் என் வாயில் இருந்தது. அதைச் சொல்லாமல் கிளாஸ் கழுவப் போனேன். பெரிய தியாகி மாதிரி இந்த மூன்று மாதமும் அதை நினைத்து நினைத்துச் சுகப்பட்டேன். நீ போன் பண்ணும்போதெல்லாம் வைத்துவிட்டு, ‘பாவி, நான் நினைத்திருந்தால் உன்னைத் தலைகாட்ட முடியாமல் செய்திருப்பேன்’ என்று சொல்லிக்கொள்வேன். அநியாயத்துக்கு ஆளாவதில் எனக்கு அவ்வளவு ருசி இருந்திருக்கிறது. அதை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நீ அவர்களிடம் சொல்ல வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். இந்தத் தடவை உனக்காக நான் எதையும் செய்யப் போவதில்லை. பட்டியலுக்குச் சம்மதம் கேட்டாயே, அதை நீயே உனக்குக் கொடுத்துக்கொள்ள முடிந்தால் கொடுத்துக்கொள்.

அக்கா


ஜூலை 7

அக்கா,

உன் கடிதத்தை லிஃப்ட் மோட்டார் அறையில் வைத்துப் படித்தேன். என்னோடு வந்தவன், "என்னண்ணே, யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டான். இல்லை என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

தொண்ணூற்று நான்கு தடவை எல்லாரும் உன்னைக் கேலி செய்தார்கள். அந்தக் கேலியில் முதல் சிரிப்பு என்னுடையது. நீ என்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாய், நான் உனக்கு ஆடத் தெரியவில்லை என்று கணக்கெழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். மன்னிப்பு என்று எழுதி எழுதி அடித்தேன். அந்தச் சொல் இதற்குப் பற்றாது.

நேற்று ஞாயிறு. டீ வந்த பிறகு சொன்னேன். உட்கார்ந்துதான் சொன்னேன்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. நகல்கடை அண்ணன், "எந்த வீச்சு?" என்றார். "எத்தனைன்னு எனக்கே தெரியாதுண்ணே. ஆறாவது ஞாயிறுலேர்ந்து" என்றேன். அவர் எழுந்து முன்கடைக்குப் போனார். அங்கே வாடிக்கையாளர் யாரும் இல்லை. வெறும் மெஷின் பக்கத்தில் நின்று காகிதக் கட்டுகளைத் தட்டித் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தார்.

கணக்கு சார் என் நோட்டை வாங்கினார். புரட்டினார். முகத்தில் ஈயாடவில்லை. "முப்பது வருஷமா இதைத்தான் பாடம் எடுக்கறேன். என் கண்ணு முன்னாடி பதினாலு வந்து உக்காந்திருக்கு, எனக்கு உறைக்கலையே!" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தன்னையே திட்டிக்கொண்டார்.

மருந்துக்கடைக்காரர்தான் கத்தினார். "அந்தப் பொண்ணைப் பார்த்து மேஜையைத் தட்டிச் சிரிச்சேனேடா! இப்ப நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவங்ககிட்ட பேசுவேன்?" என்றார். உன் பாட்டுக் கணக்கையும் சொல்லியிருந்தேன். அறுபத்தொன்று என்று சொன்னபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பாலத்துச் சண்டையில் ஜெயித்ததற்குத் தையல்காரம்மா சிவப்புத் துணியில் ஒரு சின்னக் கொடி தைத்துச் சுவரில் குத்திவைத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சண்டையை முடித்தது என் வீச்சு. அவர் எழுந்து போய்க் கொடியில் இருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். கொடியை மடித்துப் பையில் வைத்தார். "அப்ப நாம அங்க ஜெயிக்கலை" என்றார். கேள்வியா பதிலா என்று தெரியவில்லை. பொத்திய கையைத் திறந்து பார்த்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது, என்ன விழுந்தது என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அவ்வளவு சாதாரணமாகப் பொய் சொல்லியிருக்கிறேன்.

அண்ணன் திரும்பி வந்து, பட்டியல் எங்கேயும் போகாது என்றார். போட்டிக்குப் போகிற நான்கு பேரில் நான் இல்லை. பாடினி வருவாள் என்றால் அவள், வராவிட்டால் மூன்று பேராகப் போவார்கள். எல்லாரும் சரி என்றார்கள். நானும் சரி என்றேன்.

நான் எழுந்து செருப்பைத் தேடினேன். "எங்க போறே? சண்டை பாதியில நிக்குது, உக்காரு" என்றார் அண்ணன். காகிதப் பெட்டியின் மூடியைக் கவிழ்த்துப் பலகை நடுவில் வைத்தார். இனிமேல் எல்லாருமே அந்த மூடிக்குள்தான் உருட்ட வேண்டும், யாரும் கையால் தொடக் கூடாது என்றார். என் ஒருவனுக்காக எல்லாருக்கும் விதி.

என் முறை வந்தது. உருட்டினேன். கை தானாகப் பொத்தப் போனது, இழுத்துக்கொண்டேன். நான்கு தலைகள் மூடிக்கு மேல் குனிந்தன. இரண்டு விழுந்தது. நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். என் இடப்பக்கத்து ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தேன். அதன்மேல் யாரோ குடையை வைத்திருந்தார்கள்.

வா என்று கூப்பிட எனக்கு யோக்கியதை இல்லை. நடந்ததைச் சொன்னேன்.

தம்பி


ஜூலை 12

தம்பி,

முதலில் தையல்காரம்மாவிடம் போ. நாளை வரை காத்திருக்காதே. பாலத்துச் சண்டை என் நோட்டில் இருக்கிறது. அன்றைக்கு உனக்கு விழுந்தது நான்கு. நீ பத்தொன்பது என்றாய். என்னிடம் கடைசிப் பாட்டு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. எட்டு விழுந்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. உருட்டினேன், எட்டு விழுந்தது. எனக்கும் மெஷினுக்கும் மட்டும் கேட்கிற மாதிரி "அப்பாடா" என்றேன். நான்கும் எட்டும் பன்னிரண்டு. பாலத்தில் நாம் ஜெயித்தோம். சாட்சிக்கு நோட்டைக் கொண்டு வருகிறேன். கொடியைத் திரும்பவும் குத்தச் சொல்.

ஆமாம், வருகிறேன். அடுத்த ஞாயிறு காலை பஸ்ஸுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். மருந்துக்கடைக்காரர் மூஞ்சியை மறைக்க வேண்டாம், கிளாஸ் கழுவினால் போதும். போட்டிக்கு வருவதா இல்லையா என்று வந்த பிறகு சொல்கிறேன். உன் இடம் காலியானதால் எனக்குக் கிடைத்தது என்றால் அதில் எனக்குப் பெரிய சந்தோஷம் இல்லை.

ஸ்டூலில் இருக்கிற குடையை எடுக்க வேண்டாம். நான் இனி உன் இடப்பக்கம் உட்கார மாட்டேன். எதிரில் உட்காருவேன். அங்கிருந்து உன் கை தெரியாது, முகம்தான் தெரியும். எதிரில் இருந்தும் பாடலாம் என்றுதான் விதி.

ஒன்று கேட்க வேண்டும். அந்த இரண்டு விழுந்ததே, கடைசியில் "ரெண்டு" என்று வாயைத் திறந்து சொன்னாயா? கடிதத்தில் அதை எழுதாமல் விட்டிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல். சொன்ன பிறகு நான் பாடுகிறேன். இரண்டோடு எட்டைச் சேர்த்தாலும் பத்துதான், அடி விழாது, தோற்றுத்தான் போவோம். ஆனாலும் பாடுவேன்.

அக்கா